பணிப்பாளர் யேசுரட்ணமும் அரைக்கம்பத்துக் கொடிகளும்

என் அக்கா விக்ரோரியாவின் கணவர் யேசுரட்ணம் ஒரு வானொலிப் பணிப்பாளர். இதை நான் சொல்லாவிட்டாலும் அவரே சொல்லிவிடுவார். பால் வாங்கப் போன இடத்திலும் சட்டைப்பையிலிருந்து அட்டை எடுத்து நீட்டுகிற ஆள். 'இசைப் பணிப்பாளர், மேற்குக் காற்று வானொலி, ஹொல்ஸ்டெப்ரோ' என்று அதில் டெனிஷில் அச்சடித்திருக்கும். அந்த வானொலியில் மொத்தம் பதினொரு பேர். பதினொரு பேரும் சம்பளமில்லாத தொண்டர்கள். அதில் ஒன்பது பேர் ஏதோ ஒன்றுக்குப் பணிப்பாளர்கள், மிச்சம் இரண்டு பேர் கோப்பை கழுவுகிறார்கள்.

பிழைப்புக்கு அத்தான் வெண்ணெய்த் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார். அதைப் பற்றி அட்டையில் ஒரு சொல் இல்லை.

அவர் பணிப்பாளராக இருப்பது கண்ட்ரி இசைக்கு. அமெரிக்காக்காரன் பாடுகிற கண்ட்ரி இல்லை. அதைப் போட்டால் அத்தானுக்குக் கோபம் வரும். டென்மார்க்கின் இந்த மேற்கு யூலாந்துப் பகுதியில் பன்றி வளர்ப்பவர்களும் உருளைக்கிழங்கு போடுகிறவர்களும் சனிக்கிழமை மாலையில் கௌபாய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு, தங்கள் வட்டார டெனிஷில், கிற்றார் அடித்துப் பாடுகிற கண்ட்ரி. மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, பெண்சாதி போய்விட்டாள், ட்ராக்டர் மட்டும் நிற்கிறது. எல்லாப் பாட்டும் இந்த நான்கு விஷயத்துக்குள் முடிந்துவிடும். 'மழை பெய்தது, பிறகும் பெய்தது' என்று ஒரு பாட்டு இருக்கிறது. அது ஏழு நிமிடம்.

மன்னாரிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்க மனிதருக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று எல்லாரும் கேட்பார்கள். 1989ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அகதி முகாமிலிருந்து மொழி வகுப்புக்குக் கொண்டுபோகிற பஸ்ஸில் சாரதி ஒரு காசற் போடுவாராம். அத்தானுக்கு ஒரு சொல் விளங்காது. "ஒருத்தன் அழுறான் பிள்ளை, ஆனா என்ர கால் தாளம் போடுது" என்று இன்றைக்கும் சொல்லுவார். பைலா ஆட்டப்பாட்டுக் கேட்டு வளர்ந்த கால், சும்மா இருக்குமா? கையாலும் கண்ணாலும் கெஞ்சி அந்தக் காசற்றை வாங்கிவிட்டார். வகுப்பில் படித்த டெனிஷைவிடக் காசற்றில் படித்த டெனிஷ்தான் அவருக்கு அதிகம். வெண்ணெய்த் தொழிற்சாலை நேர்முகத்தில், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, "என் நாய் செத்துவிட்டது, மழை இன்னும் விடவில்லை" என்றாராம். கேட்ட மேற்பார்வையாளர் எழுந்து வந்து கை கொடுத்து, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

தொண்ணூறுகளில் அந்த வானொலி எங்கள் ஆட்களுக்குச் சனிக்கிழமைகளில் அரை மணிநேரம் கொடுத்தது. மன்னாரில் கோயில் பெருநாளுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர் என்பதால் அத்தானையே அதற்கு விட்டார்கள். குரங்கின் கையில் பூமாலை. பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவித்தல், நடுவில் நாலு பாட்டு என்று போகவேண்டிய நிகழ்ச்சியில் இவர் உருளைக்கிழங்குக்காரரின் பாட்டைப் போட்டு, தமிழில் அதற்குப் பொழிப்புரை சொல்லத் தொடங்கினார். ஒருநாள் ஒருவர் வானொலிக்கே தொலைபேசி எடுத்துச் சண்டை பிடித்தார்.

"அண்ணை, என்ர மாமாவின்ர மரண அறிவித்தல் தந்தனான். அதைப் பாதியில நிப்பாட்டிப்போட்டுப் பண்டிக்காரன்ர பாட்டுப் போடுறியள்!"

"தம்பி, அதுவும் சோகப் பாட்டுத்தான். பொருந்தும்" என்றார் அத்தான்.

பொருந்தவில்லை. தமிழ் அரை மணிநேரத்தை அவரிடமிருந்து பறித்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அத்தான் அசையவில்லை. டெனிஷ்காரர் பக்கம் போய் வயர் சுற்றினார், கதிரை அடுக்கினார், கோப்பை கழுவினார்.

பணிப்பாளரான கதை அதைவிட விசேஷம். இந்த நாட்டில் பத்துப் பேர் சேர்ந்து பந்து உதைத்தாலும் அதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு நிர்வாகசபை, வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம் இருக்கும். பொதுக்கூட்டத்தில் பதவிக்கு ஆள் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். எல்லாரும் குனிந்து தங்கள் கோப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடுவார்கள். அந்த நேரம் யார் அறையில் இல்லையோ அவரைத் தெரிவு செய்துவிடுவார்கள். அன்றைக்கு அத்தான், அக்கா பொரித்துக் கொடுத்த றோல்ஸ் பலகாரத் தட்டை எடுக்கக் கார் வரைக்கும் போயிருந்தார். திரும்பி வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். றோல்ஸுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து, தலை குனிந்து நன்றி சொன்னார். அடுத்த வாரமே அட்டை அடித்துவிட்டார்.

பதவி கிடைத்ததும் சட்டம் போட்டார். ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து அறுபது கிலோமீற்றருக்குள் வாழ்கிறவர் பாடினால்தான் அது எங்கள் கண்ட்ரி. சந்தேகம் வந்தால் காரில் போய்த் தூரம் பார்த்து வருவார். ஒருமுறை அந்தத் தூரத்துக்கு அப்பாலிருக்கிற ஓகூஸ் நகரத்திலிருந்து நான்கு இளைஞர்கள் தங்கள் இசைத்தட்டோடு வந்தார்கள். மீசை, தொப்பி, பூட்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. அத்தான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மன்னிக்க வேண்டும், நாங்கள் வெளிநாட்டு இசை போடுவதில்லை" என்று டெனிஷில் சொன்னார். அந்தப் பிள்ளைகள் அவர் முகத்தையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார்களாம். பிறகு ஓகூஸுக்கே போய்விட்டார்கள்.

இப்படி இருபது வருடம். வியாழக்கிழமைகளில் தொழிற்சாலையில் லீவு எடுத்துக்கொண்டு, காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை 'வியாழக் கண்ட்ரி' நடத்தினார். பழைய பாற்பண்ணையின் நிலவறையில் ஒரு மைக், ஒரு மேசை, ஒரு கோப்பி மெஷின். அதுதான் கலையகம்.

இந்த இடத்தில் எகோனைப் பற்றிச் சொல்லவேண்டும். எகோனுக்கு எழுபத்தொரு வயது. உருளைக்கிழங்குத் தோட்டம், தனி ஆள். பாட்டில் வருகிற மாதிரியே பெண்சாதி போய்விட்டாள், ட்ராக்டர் நிற்கிறது. 'மழை பெய்தது, பிறகும் பெய்தது' அவருடையதுதான். அத்தானுக்கு எகோன் என்றால் உயிர். ஒவ்வொரு வியாழனும் அவர் பாட்டைப் போட முன்னம், குரலில் தேனைத் தடவி, "மேற்கு யூலாந்தின் மணிக்குரல், காற்றையே கண்கலங்க வைத்த கலைஞர்" என்று தொடங்குவார். எகோன் இதற்கு ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. வழியில் கண்டால் தொப்பியை விரலால் தொடுவார், அவ்வளவுதான். அத்தானுக்கு அது உள்ளுக்குள் குறைதான்.

அத்தானுக்கு இருபது வருடமாக விளங்காத ஒன்று உண்டு. மேற்கு யூலாந்துக்காரர்கள் புகழமாட்டார்கள். வீடு எரிந்தாலும் "பரவாயில்லை", பேரப்பிள்ளை பிறந்தாலும் "பரவாயில்லை." அதற்கு மேலே ஒரு சொல் அவர்களிடம் கிடையாது. அதற்கு மேலே போய்ப் புகழவேண்டும் என்றால், அந்த ஆள் முதலில் சாகவேண்டும். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், எனக்கு இது தெரியும். ஐம்பது வருடம் பெண்சாதியோடு வாய் பேசாத மனிதர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அரை மணிநேரம் புகழ்ந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சரி, வினை எங்கே தொடங்கியது என்றால், போன வருடம் ஆகஸ்ட் மாதம். வானொலியின் தலைவி லிஸ், ஓய்வு பெற்ற ஆசிரியை, அத்தானைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார். மூன்று மாதமாக வியாழக் கண்ட்ரிக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கூட வரவில்லை. யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. செப்ரெம்பர் முடிவதற்குள் ஆட்கள் கேட்கிறார்கள் என்று காட்டாவிட்டால், அந்த மூன்று மணிநேரமும் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிற ஒரு பெண்ணுக்குப் போய்விடும்.

அத்தான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. எனக்கு மெய்யாகவே பாவமாக இருந்தது. அந்த மூன்று மணிநேரத்தை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிச்சம்? வெண்ணெய்ப் பெட்டிதான். மூன்று நாள் யோசித்து, நாலாம் நாள் துள்ளிக்கொண்டு வந்தார்.

"கிளோறியா, எகோனுக்குப் பாராட்டு விழா எடுக்கப்போறன். நேரடி ஒலிபரப்பு. ஒன்பது மணிக்குத் துவங்கி ஆக்கள் எடுத்து அவரைப் பற்றிக் கதைப்பினம். பன்னிரண்டு மணிக்கு எகோன் வருவார், பொன்னாடை போர்த்துறம். ரெலிபோன் சூடாகும் பார்."

"எகோனுக்குத் தெரியுமோ அத்தான்?"

"சொன்னா வருவாரே அந்த மனுசன்? ஸ்பீக்கர் ஒண்டு பழுது, பன்னிரண்டு மணிக்கு வந்து பாருங்கோ எண்டு சொல்லியிருக்கிறன்."

அக்கா சமையலறையிலிருந்து கத்தினாள். "முப்பது வருசமாச் சமைச்சுப் போடுறன், என்ர கறியை ஒருநாள் பாராட்டியிருப்பியளோ? கிழங்குக்காரனுக்குப் பொன்னாடையாம்!"

போஸ்ரர் செய்கிற வேலை மரினாவுக்கு. அத்தானின் மகள், இருபத்திரண்டு வயது, தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை. எகோனின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்து, சுற்றிவர வெள்ளைப் பூமாலை போட்டு, கீழே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, 'எகோன்: ஒரு கலைவாழ்வு' என்று எழுதச் சொன்னார். மரினா செய்து முடித்துவிட்டுத் திரையை அத்தான் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, இது செத்தவீட்டு அட்டை மாதிரி இருக்கிறது" என்றாள் டெனிஷில்.

"உனக்கென்ன தெரியும்? மாலை போட்டாத்தான் மரியாதை."

பெரியவர்கள் சொல்லைக் கேட்கவேண்டும் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். அன்றைக்குப் பிள்ளை சொல்லைக் கேட்டிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது. போஸ்ரர் வானொலியின் இணையப் பக்கத்திலும், நூலகத்திலும், ஊர்க் கடைகளிலும் ஏறிவிட்டது.

செப்ரெம்பர் பத்தொன்பது, வியாழக்கிழமை. நான் முதியோர் இல்லத்தில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மண்டபத்தில் வழக்கம்போல வானொலி. இருபது முதியவர்கள் இருந்தார்கள். ஒன்பது மணிக்கு அத்தானின் தேன்குரல் வந்தது.

"அன்பான நேயர்களே, இன்றைய நாள் முழுவதும் எங்கள் எகோனுக்கு உரியது. மழையைப் பாட்டாக்கிய மாபெரும் கலைஞர் அவர். முதலில் விளக்கு ஏற்றுகிறோம்." தீக்குச்சி உரசுகிற சத்தம். "இப்போது எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்போம்."

எங்கள் ஆட்களின் விழாக்களுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். ஆண்டு விழாவோ, பரிசளிப்போ, புத்தக வெளியீடோ, எதுவானாலும் முதலில் மங்கல விளக்கு, அடுத்தது மௌன அஞ்சலி. இறந்துபோன எல்லோரையும் ஒரு நிமிடம் நினைத்துவிட்டுத்தான் கதிரையில் இருப்போம். முப்பது வருடமாக நின்று நின்று அது கால்களுக்கே பழகிவிட்டது. அதனால் என்ன செய்தேன்? வானொலி சொன்னவுடன் பாண் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கை கட்டி, தலை குனிந்து நின்றேன். ஒரு துளி யோசனை இல்லை.

இருபது கிழடுகளும் என்னைப் பார்த்தார்கள். நான் பணிப்பாளரின் மைத்துனி என்பது இல்லத்தில் எல்லாருக்கும் தெரியும். அத்தானின் அட்டை எல்லா அறையிலும் இருக்கிறது. ஒவ்வொருவராக, கைத்தடியைப் பிடித்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் நிமிர்ந்துகொண்டு, அவர்களும் தலை குனிந்தார்கள். தொண்ணூற்று மூன்று வயது இங்கபோர் கைக்குட்டையை எடுத்தாள். வாசலில் நின்ற இல்லத்துப் பராமரிப்பாளர் என்னை ஒருமுறை பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், வெளியே போனார்.

பத்து நிமிடம் கழித்து யன்னலால் பார்த்தேன். முற்றத்துக் கம்பத்தில் டெனிஷ் கொடி பாதியில் பறந்துகொண்டிருந்தது. எங்கள் இல்லத்தில் யாராவது இறந்தால் அப்படித்தான் பறக்கும். நான் திடுக்கிட்டு ஓடிப்போய், எந்த அறையில் என்று பராமரிப்பாளரைக் கேட்டேன்.

"எந்த அறையும் இல்லை. எகோனுக்குத்தான்" என்றார்.

அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். லைன் கிடைக்கவில்லை. மறுபடி எடுத்தேன், மறுபடியும் இல்லை. மூன்று மாதமாகத் தூங்கின கலையகத் தொலைபேசிக்கு அன்றைக்கு மூச்சு விட நேரமில்லை.

எங்கள் இல்லம் பெரிய வீதியில் இருக்கிறது. அந்தக் கொடியைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாடசாலை கொடியை இறக்கியது. அதைப் பார்த்துவிட்டுச் சலவைக்கடை. பிறகு வரிசை நடனச் சங்கத்தின் மண்டபம். பத்து மணிக்குள் ஊரிலிருந்து எகோனின் தோட்டம் வரைக்கும் கொடியெல்லாம் அரைக்கம்பத்தில். உண்மைதானா என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்பது மற்றவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதாம். ஒரு அயலவர் எகோனின் படலையில் பூங்கொத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கிழங்கு கிண்டிக்கொண்டிருந்த எகோன் வந்து பார்த்துவிட்டு, விலாசம் மாறி வந்துவிட்டது என்று வாளித் தண்ணீரில் போட்டு வைத்தாராம். கைப்பேசியை அவர் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறதே இல்லை.

வானொலியிலோ ஒரே வெள்ளம். மேற்கு யூலாந்துக்காரர்களுக்கு வாய் திறந்துவிட்டது.

"எகோன் நல்ல மனிதர்" என்றார் ஒருவர் தழுதழுத்து. பரவாயில்லை என்று சொல்லவில்லை, நல்ல மனிதர் என்றே சொன்னார். அத்தானுக்கு ஆனந்தக் கண்ணீர். "சொல்லுங்கள், இன்னும் சொல்லுங்கள்!" என்று ஊக்கம் கொடுத்தார். "எகோனின் குரல் இல்லாமல் இந்த ஊர் எப்படி இருக்கப்போகிறது?" என்று ஒரு பெண் விம்மினாள். அத்தான் அதை வியாழக் கண்ட்ரியை நிறுத்தப்போகிறார்களே என்ற கவலை என்று எடுத்துக்கொண்டு, "கவலைப்படாதீர்கள் அம்மா, நிர்வாகசபை கையில்தான் இருக்கிறது" என்றார். அவள் அதைக் கேட்டு இன்னும் அழுதாள்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண், 1974இல் ஒரு நடன மண்டபத்தில் எகோனைக் காதலித்ததாகவும், சொல்லத் துணிவில்லாமல் வேறொருவரைக் கட்டியதாகவும் சொன்னாள். குரலை வைத்தே எங்கள் மண்டபம் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. இன்னொருவர், 1988இல் எகோனிடம் வாங்கின ஏணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கதறினார். "தினமும் அதில்தான் ஏறுகிறேன், தினமும் வெட்கமாக இருக்கிறது!" அத்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி, ஏணியைப் பற்றி ஒரு பாட்டுப் போட்டார். அப்படியும் ஒரு பாட்டு இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு என் மேலதிகாரியிடம் கெஞ்சி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கலையகத்துக்கு மிதித்தேன். பாற்பண்ணை வாசலில் எகோனின் வெள்ளை வான் நின்றது. உள்ளே எகோன் இருந்தார். தொப்பி மடியில், இரண்டு கையும் ஸ்ரியரிங்கில். வானொலி உரத்துப் பாடிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியில் தட்டினேன்.

"எகோன், மன்னித்துக்கொள்ளுங்கள், எல்லாம் பிழையாகப் போய்விட்டது..."

அவர் விரலை உதட்டில் வைத்தார். "பொறு. ஏணிக்காரருக்குப் பிறகு இன்னொருவர் பேசுகிறார்" என்றார்.

பிறகுதான் தெரிந்தது. மனிதர் பத்தரைக்கே வந்துவிட்டார். ஸ்பீக்கர் வேலையைக் கெதியாக முடித்துவிட்டுக் கிழங்குக்குத் திரும்பலாம் என்று நேரத்தோடு வெளிக்கிட்டவர், வழியெல்லாம் அரைக்கம்பத்துக் கொடியைக் கண்டு, யாரோ பெரிய ஆள் போய்விட்டார் என்று மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றியிருக்கிறார். வானிலை கேட்க வானொலியைப் போட்டால் செத்தது தான்தான். ஒன்றேகால் மணிநேரமாக இறங்காமல் இருந்து கேட்டிருக்கிறார்.

பன்னிரண்டு அடித்ததும் வானிலிருந்து இறங்கி, தொப்பியைப் போட்டுக்கொண்டு நிலவறைக்குள் போனார். அத்தான் பொன்னாடையோடு பாய்ந்தார். "நேயர்களே! இதோ! எகோனே வந்துவிட்டார்!"

அந்த நேரம் எங்கள் இல்லத்தில் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். இரண்டு பேர் கோப்பிக் கோப்பையைப் போட்டு உடைத்தார்கள். "நான் இரண்டு கைக்குட்டை முடித்துவிட்டேன்!" என்று இங்கபோர் மேசையில் குத்தினாள். பராமரிப்பாளர் ஓடிப்போய்க் கொடியைக் கம்பத்தின் உச்சிவரை ஏற்றினார். இந்த நாட்டில் அடக்கம் முடிந்ததும் அப்படித்தான் ஏற்றுவார்கள். அதைக் கண்டவர்கள், இவ்வளவு கெதியாகப் புதைத்துவிட்டார்களா என்று அடுத்த வதந்தியைத் தொடங்கினார்கள்.

பிறகு கோபம் கிளம்பியது. ஐம்பத்திரண்டு பேர் எடுத்துப் பேசியிருந்தார்கள். ஐம்பத்திரண்டு பேரும் உயிரோடிருக்கிற ஒருவரைப் புகழ்ந்துவிட்டார்கள். இதைவிட வெட்கக்கேடு அவர்களுக்கு வேறு இல்லை. ஏணிக்காரர் இரண்டு கிழமை கடைக்கே வரவில்லை. 1974ஆம் ஆண்டுப் பெண்ணின் கணவர் லிஸுக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினார். லிஸ் விசேட பொதுக்கூட்டம் கூட்டினார். நிகழ்ச்சி நிரலில் ஒரே விடயம்: இசைப் பணிப்பாளரை நீக்குவது, வியாழக் கண்ட்ரியை நிறுத்துவது.

அந்த இரண்டு கிழமையும் அத்தான் அட்டை நீட்டவில்லை. அக்காவின் கறியை வாய் திறக்காமல் தின்றார். "ஆக்கள் கேக்கினமெண்டு காட்டச் சொன்னவை, நான் காட்டிப்போட்டன். பிறகென்ன?" என்று ஒரு தரம் மட்டும் சொன்னார். கேலி செய்ய வாய் துடித்தாலும் என்னால் முடியவில்லை.

வழக்கமாக ஒன்பது பேர் வருகிற பொதுக்கூட்டத்துக்கு நூற்று நாற்பது பேர் வந்தார்கள். ஆளுக்கு ஆள் எழும்பி, குரல் உயர்த்தாமல், மரியாதையாக அத்தானைக் கிழித்தார்கள். மௌன நிமிடம் எதற்கு என்று கேட்டார்கள். அத்தான் எழும்பி, அது எங்கள் வழக்கம், செத்தவர்களை நினைத்துவிட்டுத்தான் உயிரோடிருப்பவர்களைக் கொண்டாடுவோம் என்றார். மண்டபம் கோப்பிக் கோப்பையைப் பார்த்தது. இல்லத்தில் முதலில் எழுந்து தலை குனிந்து நின்றது யார் என்பதை நான் அங்கே சொல்லவில்லை. அத்தான் இதை வாசித்துத்தான் அறியப்போகிறார்.

வாக்கெடுப்புக்கு முன்னம் லிஸ், வேறு யாராவது பேச இருக்கிறதா என்று கேட்டார். கடைசி வரிசையில் கதிரை ஒன்று உரசியது. எகோன். பொன்னாடை கழுத்தில் கிடந்தது. குளிருக்கு நல்லது என்று அன்றிலிருந்து அதைத்தான் சுற்றிக்கொண்டு திரிகிறாராம்.

"நான் பேசுகிறவன் இல்லை" என்றார். அது எல்லாருக்கும் தெரியும். "எழுபத்தொரு வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். யாருக்காவது என்னைப் பிடிக்குமா என்று தெரியாமலே இருந்தேன். அன்றைக்கு வானுக்குள் இருந்துதான் தெரிந்துகொண்டேன். ஏணியும் வந்து சேர்ந்தது."

ஏணிக்காரர் குனிந்துகொண்டார்.

"இந்த மனிதர் இருபது வருடமாக வியாழக்கிழமை தவறாமல் என்னைப் பற்றி நல்லது சொன்னார். கேட்கிறவர்கள் கடையில் வைத்து எனக்குச் சொல்லுவார்கள். நான் ஒரு நன்றி சொல்லவில்லை." எகோன் திரும்பி அத்தானைப் பார்த்தார். "யேசுரட்ணம் நல்ல மனிதர். மிகவும் நல்ல மனிதர். எங்கள் பாட்டை எங்களைவிட அதிகமாக நேசித்தவர். இவரைப்போல் இன்னொருவர் இந்த ஊருக்கு வரப்போவதில்லை."

இரண்டு பேர் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றினார்கள். எனக்கு அழுகை பீறிட்டது. இருபது வருடமாக அத்தான் எதிர்பார்த்த சொல் இதுதானே, மனிதர் மகிழ்ந்து போயிருப்பார் என்று பக்கத்தில் திரும்பினேன். அத்தானின் முகம் வெளுத்துப் போயிருந்தது. வேர்த்த கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"கிளோறியா, உண்மையைச் சொல்லு. எனக்கு ஏதும் வருத்தமெண்டு டொக்ரர் உங்களிட்டைச் சொன்னவரோ?"

"ஐயோ, இல்லை அத்தான்! நீங்கள் நல்லாத்தான் இருக்கிறியள். எகோன் சும்மா பாராட்டுறார்."

"சும்மாவோ? இஞ்ச ஆர் சும்மா பாராட்டுறது?" என்றார். கண் கலங்கியிருந்தது.

சந்தேகமே வேண்டாம், என் அத்தான் மேற்கு யூலாந்துக்காரராகிவிட்டார். அட்டையில் அதையும் சேர்த்து அடிக்கலாம்.

லிஸ் வாக்கெடுப்பு நடத்தினார். நீக்கவேண்டும் என்பதற்கு ஏழு கைகள். அதில் ஒன்று 1974ஆம் ஆண்டுப் பெண்ணின் கணவருடையது. அந்தப் பெண் கையைத் தூக்காமல் எகோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக் கண்ட்ரி தப்பியது. ஒரேயொரு நிபந்தனை கூட்டக் குறிப்பில் ஏறியது: புகழப்படுபவர் உயிரோடு இருக்கிறார் என்பதை அறிவிப்பாளர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த நாள் நாங்கள் என்ன சொல்லியும் கேளாமல் அத்தான் டொக்ரரிடம் போய், சோதனைக்கு இரத்தம் கொடுத்து, இதயத்தையும் சோதித்துக்கொண்டு வந்தார். டொக்ரரும் இந்த ஊர்க்காரர். முடிவுகளை மூன்று தரம் புரட்டிப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றாராம். அதைக் கேட்ட பிறகுதான் அத்தானுக்குப் பசித்தது. அக்கா போட்ட சோற்றை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வியாழனுக்கு எழுதத் தொடங்கினார்: 'எகோன் உயிரோடு இருக்கிறார். இனி அவருடைய பாட்டு.'